யோசேப்பு எகிப்தின் பதிவுகளில் யார்? இம்ஹோதெப்பா, யூயாவா?

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வகுப்பில் ஒரு பையன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "யோசேப்புதான் இம்ஹோதெப்பாமே, அவர் தானியம் சேர்த்து வைத்த குழிகள்கூட சக்காராவில் இருக்கிறதாமே" என்றானாம். இன்னொரு பிள்ளை, இல்லை, யூயா என்ற மம்மிதான் யோசேப்பு, அப்பா சொன்னார் என்றதாம். இரண்டில் எது சரி என்பது இவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அடிமையாக எகிப்துக்கு விற்கப்பட்டு, பார்வோனின் கனவுக்கு அர்த்தம் சொல்லி, ஏழு வருடப் பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்து வைத்தார் என்று வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் சொல்லும் இந்த மனிதருக்கு எகிப்தின் பக்கத்திலிருந்து ஒரு சாட்சியாவது உண்டா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பழைய ஏற்பாடும் எபிரேயமும் இருபது வருடங்களுக்கு மேல் கற்பித்தவன் நான். எகிப்திய எழுத்தை ஓரளவு படிக்கக் கற்றிருக்கிறேன். ஆனால் அகழாய்வுக்காரன் இல்லை. மண்ணடுக்கு, பானை ஓடு என்று வரும் இடங்களில், தோண்டியவர்கள் எழுதி வைத்ததை நம்பித்தான் பேசுகிறேன்.

முதலில் காலத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேச்சு அதிலேயே முடிந்துவிடும். வேதாகமத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலொமோன் ஆலயத்தைக் கட்டத் தொடங்கியது, இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட 480ஆம் வருஷம் என்று 1 இராஜாக்கள் 6:1 சொல்கிறது. அது கி.மு. 966 வாக்கில். அப்படியானால் புறப்பாடு கி.மு. 1446. அவர்கள் எகிப்தில் குடியிருந்த காலம் 430 வருஷம் என்கிறது யாத்திராகமம் 12:40. ஆக, யோசேப்பின் தகப்பன் யாக்கோபு குடும்பத்தோடு எகிப்துக்கு வந்தது கி.மு. 1876 வாக்கில். ஆனால் அதே வசனத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், அந்த 430 வருஷம் எகிப்திலும் கானானிலும் சேர்ந்து வாழ்ந்த காலம் என்று இருக்கிறது. அப்படிப் படித்தால் எகிப்துக் காலம் பாதியாகச் சுருங்கி, யாக்கோபு வந்தது கி.மு. 1660 பக்கம் வந்துவிடும். முதல் கணக்கில் பன்னிரண்டாம் வம்சத்து எகிப்திய மன்னர்கள். இரண்டாவது கணக்கில் ஆசியாவிலிருந்து வந்து வடக்கு எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் மன்னர்களின் காலத்தையே நெருங்கிவிடுகிறோம். ஒரு வசனத்தின் இரண்டு பாடங்களுக்குள் அரசனே மாறிவிடுகிறான். புறப்பாட்டை கி.மு. 13ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு, அவர்கள் கணக்கில் யோசேப்பு இன்னும் பிந்தி வருவார். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒன்று மட்டும் நிச்சயம். யோசேப்பின் காலம் கி.மு. 19ஆம் நூற்றாண்டுக்கு மேலே வெகுதூரம் போகாது.

இப்போது இம்ஹோதெப்பை வைத்துப் பாருங்கள். அவர் ஜோசர் மன்னனின் அமைச்சர். சக்காராவின் படிப் பிரமிடு அந்த மன்னனுக்காகக் கட்டியது. காலம் கி.மு. 2670ஐ ஒட்டி. வேதாகமக் கணக்குக்கும் இவருக்கும் நடுவே ஏறக்குறைய 800 வருடம் கிடக்கிறது. இந்த இரண்டு பேரையும் ஒருவராக்கவேண்டுமானால், ஒன்று எகிப்திய வரலாற்றை எண்ணூறு வருடம் கீழே இழுக்கவேண்டும், இல்லையென்றால் வேதாகமத்தின் கணக்கைத் தூக்கிப்போடவேண்டும். வேதாகமத்தை நிரூபிக்க வந்த வாதம் வேதாகமத்தின் எண்களையே கைவிடும்படி ஆகிறது. பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொன்னால் அவர்களுக்கே புரியும்.

அப்படியென்றால் இந்த ஒப்பீடு எங்கிருந்து வந்தது? அஸ்வானுக்குத் தெற்கே நைல் நதியில் சேஹேல் என்று ஒரு தீவு. அங்கே ஒரு பெரிய கருங்கற்பாறையில், குறுக்கே ஓடும் வெடிப்போடு, நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1889இல் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. பஞ்சக் கல்வெட்டு என்பார்கள். ஜோசர் மன்னன் பேசுகிறான்: ஏழு வருடமாக நதி பெருகவில்லை, தானியம் இல்லை, என் மனம் துயரத்தில் இருக்கிறது. இம்ஹோதெப்பிடம் ஆலோசனை கேட்கிறான். அரசனுக்கு ஒரு கனவும் வருகிறது. ஏழு வருடப் பஞ்சம், அரசனின் கனவு, ஞானமுள்ள ஓர் ஆலோசகர். கேட்டவுடன் யாருக்கும், பார்வோன் கனவில் மாடுகளையும் கதிர்களையும் கண்ட ஆதியாகமம் 41ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். எனக்கும் முதல்முறை படித்தபோது அப்படித்தான் இருந்தது.

ஆனால் முழுவதும் படிக்கவேண்டும். அங்கே பஞ்சம் முதலில் வந்துவிடுகிறது, கனவு பிறகுதான் வருகிறது. கனவில் மாடுகளும் இல்லை, கதிர்களும் இல்லை. க்னூம் என்ற தெய்வம் நேரே தோன்றி, நதியைத் திறந்துவிடுகிறேன் என்கிறது. அர்த்தம் சொல்ல ஆளே தேவைப்படவில்லை. யாரும் தானியம் சேர்த்து வைக்கவில்லை. விழித்த அரசன் செய்வது, எலிபெண்டைனுக்குத் தெற்கே ஒரு பெரிய நிலப்பகுதியையும் அதன் வரியில் பங்கையும் க்னூம் கோயிலுக்கு எழுதி வைப்பது. கல்வெட்டின் நோக்கமே அதுதான். கோயில் மானியம் பழைய காலத்து அரசன் கொடுத்தது என்று நிலைநாட்டுகிறார்கள். அதை வெட்டியதும் ஜோசர் காலத்தில் இல்லை, கிரேக்க வழி வந்த தாலமி மன்னர்களின் காலத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில். நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்கும் கல்லில் எழுதியதற்கும் ஏறக்குறைய 2500 வருட இடைவெளி.

இதில் இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சேஹேலுக்குச் சற்று வடக்கே இருக்கும் எலிபெண்டைன் தீவில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒரு யூதக் குடியிருப்பே இருந்தது. பாரசீகப் படையில் வேலை பார்த்தவர்கள். யாகு என்று அவர்கள் அழைத்த தங்கள் தேவனுக்கு அங்கே ஓர் ஆலயமும் வைத்திருந்தார்கள். அவர்கள் அரமேய மொழியில் எழுதிய கடிதங்கள் நம் கையில் இருக்கின்றன. கி.மு. 410இல் அந்த ஆலயம் இடிக்கப்பட்டது. க்னூமின் பூசாரிகள்தான் அதற்குத் தூண்டினார்கள் என்று அந்த யூதர்களே மனு எழுதுகிறார்கள். ஆக, க்னூம் கோயிலுக்குப் பக்கத்திலேயே யோசேப்பின் கதை தெரிந்தவர்கள் வாழ்ந்திருக்கக்கூடும். ஒற்றுமை இருந்தால், அது எந்தத் திசையில் போயிற்று என்று யாரும் அடித்துச் சொல்லமுடியாது. ஏழு வருடப் பஞ்சம் என்பதும் எகிப்துக்கு மட்டும் உரியதல்ல, மெசொப்பொத்தாமியாவின் கில்காமெஷ் கதையிலும் வருகிறது.

இம்ஹோதெப்பின் வாழ்நாளிலேயே வெட்டிய சாட்சி ஒன்று உண்டு. ஜோசர் சிலையின் பீடம், 1926இல் சக்காராவில் கிடைத்தது. சிலையில் பாதங்கள்தான் மிச்சம். அந்தப் பீடத்தில் இம்ஹோதெப்பின் பெயரும் பட்டங்களும் வெட்டியிருக்கின்றன: அரசனின் முத்திரைக்காரர், அரசனுக்கு அடுத்தவர், ஓன் பட்டணத்துப் பிரதான ஆசாரியர். 'அரசனுக்கு அடுத்தவர்' என்பது யோசேப்புக்குப் பொருந்துகிறதே என்பார்கள். ஆனால் ஆதியாகமத்தில் ஓன் பட்டணத்து ஆசாரியர் யோசேப்பின் மாமனார் போத்திபிரா. யோசேப்பு எந்த எகிப்தியத் தெய்வத்துக்கும் ஆசாரியராக இருந்ததாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. இம்ஹோதெப் என்ற பெயருக்கு 'நானே என்பவரின் குரல்' என்று அர்த்தம் சொல்லும் காணொளிகளும் உண்டு. அது தவறு. அது சுத்தமான எகிப்தியப் பெயர், 'சமாதானமாய் வருகிறவர்' என்று பொருள். முதல் எழுத்து நாணல் இலைக்குக் கீழே நடக்கும் இரண்டு கால்கள், வருதல் என்பதைக் காட்டும். கடைசியில் பாயின்மேல் வைத்த அப்பம், படையல் பெற்று அமைதியானது என்பதைக் காட்டும். நடுவே 'இல்' என்ற வேற்றுமை மட்டும்தான். சக்காராக் குழிகளைப் பற்றி ஒரு வரி போதும். படிப் பிரமிடுக்குக் கீழே உள்ள சுரங்க அறைகளில் ஏறக்குறைய 40,000 கல் பாத்திரங்கள் கிடைத்தன. இறந்த அரசனுக்கான சேமிப்பு அது, நாட்டு மக்களுக்கான களஞ்சியம் இல்லை.

யூயாவின் விஷயம் வேறு. காலமாவது ஓரளவு கிட்டத்தில் இருக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டு, மூன்றாம் ஆமென்ஹோதெப்பின் மாமனார், தீயே அரசியின் அப்பா. 1905இல் மன்னர்களின் பள்ளத்தாக்கில் அவரும் மனைவி தூயாவும் கிடைத்தார்கள். கல்லறையில் ஒரு ரதமும் இருந்தது. அவர் யோசேப்புதான் என்று 1987இல் அகமது ஒஸ்மான் புத்தகமே எழுதினார். அவருடைய முக்கியமான பிடிமானம் யூயாவின் 'தேவனின் தகப்பன்' என்ற பட்டம். பார்வோனுக்குத் தகப்பனாகத் தேவன் என்னை வைத்தார் என்று யோசேப்பு ஆதியாகமம் 45:8இல் சொல்கிறாரே என்கிறார். ஆனால் அந்தப் பட்டம் யூயாவுக்கு மட்டும் கிடைத்த தனிப் பட்டம் இல்லை. கோயில் ஊழியர்களுக்கும் அரச குடும்பத்துக்கு நெருக்கமானவர்களுக்கும் பலமுறை கொடுத்தது. யூயா அக்மீம் ஊர்க்காரர், மின் தெய்வத்தின் ஆசாரியர், அந்தக் கோயில் மாடுகளுக்கும் மேற்பார்வையாளர். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருக்கிறது. யோசேப்பின் எலும்புகளை மோசே எடுத்துக்கொண்டு போனார் என்று யாத்திராகமம் 13:19இலும், சீகேமில் அடக்கம் செய்தார்கள் என்று யோசுவா 24:32இலும் படிக்கிறோம். யூயாவின் உடலோ மூவாயிரம் வருடத்துக்கு மேல் தன் கல்லறையிலேயே கிடந்து, முகம் கலையாமல் கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தது. கதையை நம்புகிறவர் இந்த மம்மியை யோசேப்பு என்று சொல்லவே முடியாது.

ஹிக்சோஸ் காலத்தைப் பற்றி இப்படி ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். கி.மு. 1650 முதல் 1550 வரை அவர்கள் வடக்கே நைல் டெல்டாவில் அவாரிஸ் நகரத்திலிருந்து ஆண்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தின் பெயர் தெல் எல்-தாபா. 1966 முதல் மான்ஃப்ரெட் பீட்டக் தலைமையில் ஆஸ்திரியர்கள் அங்கே தோண்டினார்கள். ஹிக்சோஸ் அரசர்களாவதற்கு முன்பே கானான் பக்கத்து மக்கள் அங்கே குடியேறி, தங்கள் முறையில் வீடு கட்டி, தங்கள் முறையில் இறந்தவர்களைப் புதைத்து வாழ்ந்தார்கள் என்பது இப்போது நன்றாகவே தெரியும். கோசேன் நாடு என்று ஆதியாகமம் சொல்லும் பகுதியும் கிழக்கு டெல்டாதான் என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், ஹிக்சோஸ்தான் தம் முன்னோர் என்றே எழுதினார். அது அவர் செய்த ஒப்பீடு, சாட்சி அல்ல. ஆசியர் ஒருவர் ஆசிய அரசனிடம் உயர்ந்தார் என்பது கேட்க இயல்பாக இருக்கிறது. ஆனால் ஆதியாகமத்தின் பார்வோன் எல்லா வகையிலும் எகிப்தியனாகவே நடக்கிறான், எபிரேயரோடு சாப்பிட எகிப்தியர் அருவருத்தார்கள் என்றும் இருக்கிறது. ஹிக்சோஸ் மன்னர்களும் எகிப்திய முறைப்படி சூரியத் தெய்வமான ரே பெயரைச் சேர்த்து அரசப் பெயர் வைத்துக்கொண்டார்கள், ஆகவே இதையும் முழு மறுப்பாக எடுத்துக்கொள்ளமுடியாது. இது இரண்டு பக்கமும் சாயும் இடம்.

அதே அவாரிஸில் கிடைத்த ஒரு சிலையைத்தான் டேவிட் ரோல் என்ற பிரிட்டிஷ்காரர் யோசேப்பு என்றார். ஆள் உயரத்தைவிடப் பெரிய சிலை, துண்டு துண்டாக உடைத்துக் கிடந்தது. காளான் குடைபோல வெட்டிய சிவப்பு முடி, மஞ்சள் பூசிய தோல், தோளில் சாய்ந்த வளைதடி. எகிப்தியர் ஆசியர்களை இப்படித்தான் வரைவார்கள். பெரிய மனிதர் ஒருவரின் சிலை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் பெயர் இல்லை. பெயரில்லாத சிலைக்கு நமக்குத் தெரிந்த பெயரை வைக்கிறோம், அவ்வளவுதான். ரோலின் வாதம் நிற்கவேண்டுமானால் எகிப்திய ஆண்டுக்கணக்கை முந்நூறு வருடம்போலக் கீழே இறக்கவேண்டும். பழைய பொருளில் மிஞ்சிய கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் கணிப்பு ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது, அது வழக்கமான கணக்கையே உறுதிப்படுத்தியது.

ஆதியாகமத்தின் பெயர்களைப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை, ஏனென்றால் அங்கேதான் எகிப்தின் வாசனை உண்மையாகவே அடிக்கிறது. பார்வோன் யோசேப்புக்கு வைத்த சாப்நாத்பன்னேயா என்ற பெயருக்குப் பலர் ஏற்கும் விளக்கம் ஜெர்மானிய எகிப்தியலாளர் ஸ்டெயின்டோர்ஃப் சொன்னது: 'தேவன் சொன்னார், அவன் வாழ்கிறான்'. போத்திபிரா 'ரே கொடுத்தவன்'. ஆஸ்நாத் 'நெய்த் தேவிக்கு உரியவள்' என்பதாக இருக்கலாம். மூன்றும் எகிப்தியப் பெயர்கள் என்பதில் அநேகமாகத் தகராறு இல்லை. ஆனால் முதல் இரண்டு வகைப் பெயர்களும் எகிப்தில் பெருகுவது கி.மு. 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. அந்தக் குடும்பம் குடியேறிய இடத்தை ஆதியாகமம் 47:11 'ராமசேஸ் நாடு' என்கிறது, ராமசேஸ் பெயரால் நகரம் எழும்பியது கி.மு. 13ஆம் நூற்றாண்டில். ஆகையால் நம் கையிலிருக்கும் கதையின் வடிவம் பிந்திய காலத்து எகிப்தை அறிந்தவர் எழுதியது என்றே நான் நினைக்கிறேன். கதை அப்போதுதான் பிறந்தது என்று இதிலிருந்து சொல்லிவிடமுடியாது. பழைய நினைவைப் பிற்காலத்துப் பெயர்களால் சொல்வது எங்கும் நடப்பது. இரண்டு சாத்தியமும் திறந்தே இருக்கின்றன.

விலையை வைத்து வாதம் செய்வோரும் உண்டு. யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்திலும் ஓர் அடிமையின் விலை இருபது சேக்கல் எடை வெள்ளிதான், பிந்திய நூற்றாண்டுகளில் விலை ஏறிவிட்டது, ஆகவே கதை பழையது என்று எகிப்தியலாளர் கென்னத் கிச்சன் காட்டினார். நல்ல வாதம், நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் லேவியராகமம் 27:5 கண்ணில் பட்டது. ஐந்து வயது முதல் இருபது வயதுவரை உள்ள ஆண்பிள்ளைக்கு மதிப்பு இருபது சேக்கல். யோசேப்புக்கு அப்போது பதினேழு வயது. அந்த எண் அங்கிருந்தும் வந்திருக்கலாம். அன்றிலிருந்து அந்த வாதத்தைத் தனியாக நிறுத்தி வைப்பதில்லை.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது என்ன? யோசேப்பு என்ற பெயரில் ஓர் அதிகாரியைக் குறிக்கும் எகிப்தியப் பதிவு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. இஸ்ரவேல் என்ற பெயரே எகிப்தியக் கல்லில் முதன்முதலாக வருவது கி.மு. 1208 வாக்கில், மெர்நெப்தா மன்னனின் வெற்றிக் கல்வெட்டில். அதே சமயம், பதிவு இல்லை என்பதை வைத்து ஆளே இல்லை என்றும் சொல்லமுடியாது. டெல்டாவின் ஈர மண்ணில் நாணல்தாள் தங்காது, அங்கிருந்த அலுவலகக் கணக்குகள் அநேகமாக எல்லாம் மக்கிப்போயின. கதையின் போக்கு எகிப்தில் நடக்கக்கூடியதுதான் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு நாணல்தாளில், கி.மு. 18ஆம் நூற்றாண்டளவில் ஒரே எகிப்திய வீட்டில் வேலை செய்தவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆசியர்கள். பின்னாளில் அபெர்-எல் என்ற செமித்திய (எபிரேயத்தின் மொழிக் குடும்பத்து) பெயர் கொண்டவர் எகிப்தின் தலைமை அமைச்சராகவே இருந்தார். அவருடைய கல்லறை சக்காராவில் இருக்கிறது. வெளிநாட்டு அடிமையும் வெளிநாட்டு அமைச்சரும் அங்கே புதுமை இல்லை. அவர்களில் யோசேப்பு இவர்தான் என்று விரல் நீட்டுவதற்கு மட்டும்தான் ஆதாரம் இல்லை.

வகுப்புக்கு என்ன கொண்டுபோவது என்று கேட்டால், நான் இம்ஹோதெப்பைக் கொண்டுபோகமாட்டேன். பெனி ஹசனில் இரண்டாம் க்னூம்ஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரோவியத்தின் படத்தைக் கொண்டுபோவேன். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். கி.மு. 1890 வாக்கில் வரைந்தது, வேதாகமத்தின் எபிரேயக் கணக்கு யாக்கோபைக் கொண்டுவரும் காலத்துக்குச் சற்று முன்னால். ஆசியர்கள் சிலர் கண்மை விற்க எகிப்துக்குள் வருகிறார்கள், மொத்தம் 37 பேர் என்று எழுத்தில் இருக்கிறது. முன்னால் வருகிற தலைவன் பெயர் அபிஷா. ஆண்களும் பெண்களும் சிவப்பும் நீலமும் வெள்ளையும் கோடு போட்ட உடை உடுத்தியிருக்கிறார்கள். கழுதையின் முதுகில் இரண்டு குழந்தைகள், ஒருவர் கையில் யாழ். இது யாக்கோபின் குடும்பம் இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள். ஆனால் யாக்கோபு யோசேப்புக்குக் கொடுத்த பலவருணமான அங்கி என்று படிக்கும்போது பிள்ளைகள் மனதில் எதை வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்தச் சுவர் காட்டும்.

அப்புறம் அதே படத்தில் அவர்களை அழைத்து வருகிற இரண்டு எகிப்தியர்களின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை மெல்லாடை, வழுவழுவென்ற தாடை. பின்னால் வரும் ஆசிய ஆண்களுக்கெல்லாம் தாடி. பார்த்து முடித்ததும் ஆதியாகமம் 41:14ஐ ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். காவல் கிடங்கிலிருந்து அவசரமாக வெளியே கொண்டுவந்த யோசேப்பு, பார்வோன் முன்னால் போவதற்குள் என்ன செய்தார் என்று அங்கே இருக்கிறது: சவரம் பண்ணிக்கொண்டார், வேறு உடை உடுத்திக்கொண்டார்.